வாங்கியது நாம, சாவி அவங்ககிட்ட: லினக்ஸில் ஒயர்லெஸ் கன்ட்ரோலர் ஏன் அடம்பிடிக்கிறது?

சனிக்கிழமை ராத்திரி பெங்களூர் பஸ் தர்மபுரி பேருந்து நிலையத்துக்குள் நுழைகிறது. வாரம் முழுக்க எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஓசூரிலும் வேலை பார்த்துவிட்டு, பென்னாகரம், நல்லம்பள்ளி, அரூர் பக்கம் வீடு திரும்பும் இளைஞர்கள் தோளில் பையோடு இறங்குகிறார்கள். அதில் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

பையில் ஒரு சின்ன பார்சல். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய செகண்ட் ஹேண்ட் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர், கூடவே அதன் யூஎஸ்பி ஒயர்லெஸ் அடாப்டர். வீட்டில் இருக்கும் தம்பிக்கு. தம்பியிடம் இருப்பது, அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். விண்டோஸ் திணற ஆரம்பித்ததும் அதில் லினக்ஸ் போட்டாச்சு. படிப்பும் ஓடுகிறது, சூப்பர்டக்ஸ்கார்ட் மாதிரியான சின்ன கேமும் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அடாப்டரைச் செருகுகிறார்கள். கன்ட்ரோலரில் விளக்கு மினுக்குகிறது. மினுக்கிக்கொண்டே இருக்கிறது.

"அண்ணா, லைட் மட்டும் எரியுது. கேம்ல ஒண்ணும் நகரல."

"கடைக்காரர் எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடும்னு சொன்னாரேடா."

இந்த இடத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒரே தீர்ப்புதான் வரும்: "லினக்ஸ்னாலே இப்படித்தான்." அந்தத் தீர்ப்பு தப்பு. அடாப்டரும் நல்லாத்தான் இருக்கிறது, லினக்ஸும் நல்லாத்தான் இருக்கிறது. நடுவில் ஒரு சின்ன ஃபைல் இல்லை. அதை யார், ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு கேம் கன்ட்ரோலருக்கு இவ்வளவு பேச்சா?

கேம் என்றதும் "வேலையத்த வேலை" என்று நகர்ந்துவிடத் தோன்றும். ஆனால் விஷயம் கேமோடு முடிவதில்லை.

தமிழ்நாட்டில் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பரில். அதற்கடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைக்கு லேப்டாப் போய்ச் சேர்ந்தது. தொடக்க கால லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது வேறு கதை. 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மீண்டும் அறிவிப்பு வந்தது.

இன்னொரு பக்கம், 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவை அந்தத் தகுதித் தேர்வில் ஃபெயில். புதுசு வாங்க வசதி இல்லாத வீட்டில், பழைய லேப்டாப்பைப் பாதுகாப்பாக ஓட்ட மிச்சமிருக்கும் நல்ல வழி லினக்ஸ்.

கேம் ஆடுபவர்களும் அந்தப் பக்கம் நகர்கிறார்கள். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட வைக்கும் 'புரோட்டான்' மென்பொருளை வால்வ் நிறுவனம் 2018-ல் வெளியிட்டது. 2022-ல் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் வந்தது. 2025 அக்டோபரில் ஸ்டீம் நடத்தும் மாதாந்திரக் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சதவீதம் சின்னதுதான். ஆனால் கேம் ஓடவில்லை என்ற பழைய குறை பெருமளவு தீர்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். இப்போது மிச்சமிருப்பது, கையில் பிடிக்கும் பொருள் ஓட வேண்டும் என்ற குறை.

அதனால் அந்த மினுக்கும் விளக்கு, "நான் காசு கொடுத்து வாங்கிய பொருளை என் கம்ப்யூட்டரில் எப்படி ஓட்ட வேண்டும் என்று யார் முடிவு செய்வது?" என்ற கேள்வியின் சின்ன வடிவம். இன்று கன்ட்ரோலர், நாளை பிரின்டர், மறுநாள் கைரேகை ஸ்கேனர்.

அடாப்டருக்குள் என்ன நடக்கிறது?

கடையில் எல்லாமே "ஒயர்லெஸ் கன்ட்ரோலர்" என்ற ஒரே பெயரில்தான் விற்கிறது. உள்ளே மூன்று வகை இருக்கிறது. லினக்ஸில் மூன்றுக்கும் மூன்று விதி.

முதல் வகை புளூடூத். கன்ட்ரோலர் நேரடியாக லேப்டாப்பின் புளூடூத்தோடு பேசும். பெரும்பாலும் தனி அடாப்டரே தேவையில்லை.

இரண்டாவது வகை, கன்ட்ரோலரோடு சேர்ந்தே வரும் குட்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர். ரெட்கியர், காஸ்மிக் பைட், எவோஃபாக்ஸ் என்று இந்தியாவில் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும் பல கன்ட்ரோலர்கள் இந்த ரகம். இவற்றில் ஒரு தந்திரம் உண்டு. கம்ப்யூட்டரில் செருகியதும் பலவும் தன்னை 'எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர்' என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். லினக்ஸ் கெர்னலில் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களுக்கான 'எக்ஸ்பேட்' என்ற டிரைவர் 2002-லேயே எழுதப்பட்டுவிட்டது. எழுதியது மைக்ரோசாஃப்ட் இல்லை, தன்னார்வலர்கள். அதனால் விலை குறைந்த கன்ட்ரோலர் ஒன்று செருகிய நொடியில் ஓட வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது வகைதான் நம் கதையின் நாயகன்: மைக்ரோசாஃப்டின் சொந்த எக்ஸ்பாக்ஸ் ஒயர்லெஸ் அடாப்டர். 2015-ல் முதலில் வந்தது. 2017-ல் அளவில் சின்னதாக இரண்டாவது மாடல் வந்தது. இது புளூடூத் பேசாது. பழைய எக்ஸ்பாக்ஸ் 360 மொழியும் பேசாது. எக்ஸ்பாக்ஸுக்கென்றே மைக்ரோசாஃப்ட் வைத்துள்ள தனி ஒயர்லெஸ் மொழியில் பேசும். வேகமும் நல்லா இருக்கும். ஒரே அடாப்டரில் பல கன்ட்ரோலர்களை இணைக்கலாம், ஹெட்செட்டையும் கன்ட்ரோலரிலேயே செருகிக்கொள்ளலாம். பொருளாகப் பார்த்தால் நல்ல பொருள்.

அதைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. உள்ளே இருப்பது மீடியாடெக் நிறுவனத்தின் வைஃபை சில்லு. அதனால் லினக்ஸில் செருகினால், கெர்னலில் உள்ள மீடியாடெக் வைஃபை டிரைவர் "இது நம்ம ஆளு" என்று அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த டிரைவரின் பட்டியலிலேயே இந்த அடாப்டரின் அடையாள எண்கள் இருக்கின்றன. கேம் ஆட வாங்கிய பொருள், நெட்வொர்க் கார்டாக உட்கார்ந்திருக்கும். தம்பி பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் என்ன பயன்?

பூட்டு எங்கே இருக்கிறது?

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

டிரைவர் என்பது கம்ப்யூட்டர் பக்கம் இருக்கும் மொழிபெயர்ப்பாளர். ஃபர்ம்வேர் என்பது அந்தப் பொருளுக்குள் ஓடும் மூளை. இந்த அடாப்டரில் அந்த மூளை நிரந்தரமாகப் பதிந்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை செருகும்போதும் கம்ப்யூட்டர்தான் ஃபர்ம்வேர் ஃபைலை அதற்குள் ஏற்றிவிட வேண்டும். விண்டோஸில் இது நமக்குத் தெரியாமலேயே நடந்துவிடும்.

லினக்ஸுக்கு டிரைவர் எழுதத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், எழுதியும் விட்டார்கள். முதலில் 'எக்ஸ்ஓடபிள்யூ' என்று ஒன்று வந்தது. 2021-ல் அதன் வாரிசாக, கெர்னலுக்குள்ளேயே ஓடும் 'எக்ஸோன்' வந்தது. அடாப்டருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் என்ன பேச்சு நடக்கிறது என்று கவனித்து, எந்தக் கையேடும் இல்லாமல் எழுதிய வேலை அது.

ஆனால் ஃபர்ம்வேர் ஃபைல் மைக்ரோசாஃப்டின் சொத்து. அதைத் தங்கள் டிரைவரோடு சேர்த்துக் கொடுக்கத் தன்னார்வலர்களுக்கு உரிமை இல்லை. அதனால் எக்ஸோன் ஒரு சுற்றுவழியை வைத்திருக்கிறது. ஒரு சின்ன ஸ்கிரிப்ட், மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருந்தே விண்டோஸ் டிரைவர் தொகுப்பை டவுன்லோடு செய்து, அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரை மட்டும் எடுத்து லினக்ஸ் கோப்புறையில் வைக்கும். "இந்த ஃபைல் மைக்ரோசாஃப்டின் பயன்பாட்டு விதிகளுக்கு உட்பட்டது" என்று முன்கூட்டியே எச்சரிக்கையும் செய்யும்.

அதாவது ஃபைல் ரகசியம் இல்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோடு செய்யக்கூடிய இடத்தில்தான் கிடக்கிறது. பூட்டு இருப்பது, "மற்றவர்கள் எடுத்துக் கொடுக்கலாம்" என்ற ஒரு வரி அனுமதியில்.

இப்படி அனுமதி தருவது கேள்விப்படாத விஷயமா என்றால், இல்லை. 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' என்ற பொதுக் களஞ்சியத்தில் இன்டெல், ஏஎம்டி, மீடியாடெக் என்று பல நிறுவனங்கள் தங்கள் ஃபர்ம்வேர்களைப் பகிரும் உரிமையோடு வைத்திருக்கின்றன. அதற்காக அவர்கள் மூலக்குறிப்பைத் திறந்து காட்டவில்லை. "ஃபைலை அப்படியே விநியோகிக்கலாம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். லேப்டாப்பில் லினக்ஸ் போட்டதும் வைஃபை தானாக ஓடுகிறதே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான்.

மைக்ரோசாஃப்டுக்கு லினக்ஸ் அந்நியமும் இல்லை. 2016 நவம்பரில் லினக்ஸ் அறக்கட்டளையில் மிக உயர்ந்த நிலை உறுப்பினராகச் சேர்ந்த நிறுவனம் அது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கெர்னலை வைத்து விநியோகிக்கிறது. அதன் அஷூர் கிளவுடில் லினக்ஸ் சர்வர்கள் குவிந்து கிடக்கின்றன. கிளவுடில் சம்பாதிக்க லினக்ஸ் வேண்டும், நல்லம்பள்ளியில் ஒரு பையன் கேம் ஆட மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

அந்த ஒரு வரி இல்லாததன் விலை

எக்ஸோன் இருக்கிறதே, போட்டுக்கொண்டால் முடிந்ததே என்று நினைக்கலாம். போடலாம், ஓடும். ஆனால் வழியில் சில பள்ளங்கள் இருக்கின்றன.

எக்ஸோனை நிறுவினால், மோதல் வராமல் இருக்க பழைய எக்ஸ்பேட் டிரைவரை அது ஒதுக்கி வைத்துவிடும். அப்போது எக்ஸ்பாக்ஸ் 360 வேஷத்தில் ஓடிக்கொண்டிருந்த விலை குறைந்த கன்ட்ரோலர் திடீரென்று நின்றுபோகும். "நேத்து வரைக்கும் ஓடுச்சே" என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். இதற்கென்றே தனியாக இன்னொரு மாற்று டிரைவர் எழுத வேண்டியிருந்தது.

அடுத்தது அப்டேட். கெர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவர் என்பதால், ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டின்போதும் அதை மறுபடி தயாரிக்க வேண்டும். 'டிகேஎம்எஸ்' என்ற கருவி அதைத் தானாகச் செய்யும். ஆனால் கெர்னலில் உள்ளமைப்பு மாறினால் டிரைவரையே யாராவது திருத்த வேண்டும். எக்ஸோனின் முதல் பக்கத்தில் வேகம் குறைந்தபோது, வேறு தன்னார்வலர்கள் தங்கள் கிளையில் அதைத் தொடர்கிறார்கள். ஒரு பெரிய நிறுவனம் விற்ற பொருள், யாரோ ஒருவரின் ஓய்வு நேரத்தை நம்பி ஓடுகிறது.

மூன்றாவது, கொஞ்சம் ஆபத்தான பள்ளம்: செக்யூர் பூட். புதிய லேப்டாப்களில் இது ஆன் செய்யப்பட்டே வரும். கையொப்பம் இல்லாத டிரைவரை உள்ளே விடாது. இணையத்தில் தேடினால், "பயாஸில் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிடு" என்ற அவசர வைத்தியம்தான் முதலில் கண்ணில் படும். ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் இருந்து, அதில் பிட்லாக்கர் பூட்டும் இருந்தால், இப்படி அணைத்ததும் விண்டோஸ் மீட்புக் குறியீட்டைக் கேட்டு நிற்கலாம். 48 இலக்கம். அதை எழுதி வைத்திருப்பவர் எத்தனை பேர்? கேம் கன்ட்ரோலரை ஓட்டப் போய், செமஸ்டர் நோட்ஸைத் தொலைத்த கதையாகிவிடும்.

இத்தனையும் எதற்கு? டிரைவர் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்து, ஃபர்ம்வேர் பொதுக் களஞ்சியத்தில் இருந்தால் இந்தப் பள்ளங்கள் பெரும்பாலும் இருக்காது. செருகினால் ஓடும்.

சோனி காட்டிய வழி

"பெரிய கம்பெனிகள் இதையெல்லாம் கண்டுகொள்ளாது" என்பது வழக்கமான சமாதானம். எதிர் உதாரணம் கண்ணெதிரே இருக்கிறது.

2021 ஏப்ரலில் வந்த லினக்ஸ் கெர்னல் 5.12-ல் பிளேஸ்டேஷன் 5-ன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்கான டிரைவர் சேர்ந்தது. அதை எழுதிச் சமர்ப்பித்தது சோனியே. யூஎஸ்பி கேபிள், புளூடூத் இரண்டிலும் ஓடும். டச்பேட், அசைவு உணரி, அதிர்வு எல்லாம் வேலை செய்யும். பிறகு பழைய டூயல்ஷாக் 4-க்கும் அதே டிரைவரில் இடம் கிடைத்தது. இதனால் சோனியின் வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை.

நின்டெண்டோ கன்ட்ரோலர்களுக்கு நிறுவனம் எதுவும் செய்யவில்லை. தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர், 2022 ஜனவரியில் வந்த கெர்னல் 5.16-ல் சேர்ந்தது. அங்கேயாவது தடுக்க ஃபர்ம்வேர் பூட்டு இல்லை.

ஆக மூன்று கம்பெனி, மூன்று நிலை. ஒருவர் தானே எழுதிக் கொடுத்தார். ஒருவர் எழுதவில்லை, வழியில் நிற்கவும் இல்லை. ஒருவரின் அடாப்டருக்கு மட்டும், எழுதித் தயாராக இருக்கும் டிரைவர்கூட வாசலிலேயே நிற்கிறது.

"விண்டோஸ் போட்டுட்டா போச்சே!"

இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த அடாப்டர் விண்டோஸுக்காகத்தான் விற்கப்படுகிறது. லினக்ஸில் ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. 3 சதவீதம் பேருக்காக ஒரு நிறுவனம் ஏன் ஆள் போட்டு வேலை செய்ய வேண்டும் என்று கேட்டால், அதற்குக் கட்டாயம் இல்லைதான்.

ஆனால் இங்கே யாரும் ஆள் போடச் சொல்லவில்லை. வேலையை மற்றவர்கள் செய்து முடித்துவிட்டார்கள். கேட்பது ஓர் அனுமதி. அதற்குச் செலவு ஏறக்குறைய இல்லை. அதைக் கொடுக்காததன் செலவு மட்டும், வாங்கியவர் தலையில் விழுகிறது.

விண்டோஸ் போட்டுக்கொள் என்பதும் எல்லோருக்கும் சாத்தியமான வழி இல்லை. விண்டோஸ் 11 ஏற்காத லேப்டாப்பில், பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன விண்டோஸ் 10-ஐப் போடுவது, பேங்க் ஓடிபி வரும் வீட்டில் பின்கதவைத் திறந்து வைப்பது மாதிரி. கிராக் செய்த விண்டோஸ் அதைவிட மோசம்.

"கேபிளைப் போட்டுக்கோ" என்பதுதான் உருப்படியான பதில். உண்மையில், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளில் செருகினால் லினக்ஸில் உடனே ஓடும். ஆனால் ஒயர்லெஸ்ஸுக்கென்று கூடுதல் காசு கொடுத்தவரிடம் "ஒயர் போட்டு ஆடு" என்பது, பைக் வாங்கியவரிடம் தள்ளிக்கொண்டு போகச் சொல்வதுதான்.

வாங்கும் முன்பு, வாங்கிய பின்பு

நிறுவனம் மனசு மாறும்வரை காத்திருக்க முடியாது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் காசு வீணாகாமல் பார்த்துக்கொள்ள சில விஷயங்கள்:

புதிதாக வாங்குவதாக இருந்தால் தனி எக்ஸ்பாக்ஸ் அடாப்டரைத் தவிர்த்துவிடலாம். புளூடூத் கன்ட்ரோலர், அல்லது எக்ஸ்-இன்புட் என்று அட்டையில் எழுதிய 2.4 கிகாஹெர்ட்ஸ் கன்ட்ரோலர் போதும். கடைக்காரரிடம் "கம்ப்யூட்டர்ல ஓடுமாண்ணா?" என்று கேட்காமல், "லினக்ஸ்ல ஓடலைன்னா மாத்திக் கொடுப்பீங்களா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். இரண்டாவதுக்குத்தான் உண்மை வரும்.

செகண்ட் ஹேண்ட் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வாங்கினால் முகத்தைப் பாருங்கள். நடுவில் எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், முன்பக்க உடம்போடு ஒரே துண்டாக இருந்தால் அது 2016-க்குப் பிந்தைய மாடல், புளூடூத் உண்டு. பளபளப்பான மேல்பட்டையோடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் பழைய மாடல், புளூடூத் கிடையாது.

புளூடூத்தில் இணைந்தும் அடிக்கடி அறுந்துபோனால், 'எக்ஸ்பேட்நியோ' என்ற டிரைவர் உதவும். அதிர்வும் சரியாக வேலை செய்யும். லேப்டாப்பில் புளூடூத் இல்லாமல் தனி யூஎஸ்பி டாங்கிள் வாங்குபவர்கள் கவனம்: சிஎஸ்ஆர் என்ற பெயரில் போலிச் சில்லுகள் சந்தையில் ஏராளம். அந்தப் போலிகளைச் சமாளிக்கவே கெர்னலில் தனிக் குறிப்புகள் எழுத வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் கன்ட்ரோலர் இணைந்தும் கேமில் நகரவில்லை என்றால், அது டி-இன்புட் அல்லது ஆண்ட்ராய்டு முறையில் இருக்கலாம். நடு பட்டனைச் சில விநாடிகள் அமுக்கிப் பிடித்தால் பல மாடல்களில் முறை மாறும். சிக்னல் விட்டு விட்டு வந்தால், ரிசீவரை நீல நிற யூஎஸ்பி 3 துளையில் இருந்து எடுத்து வேறு துளையில், அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் செருகிப் பாருங்கள். யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் குழப்பும்.

எக்ஸ்பாக்ஸ் அடாப்டரை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? எதையும் நிறுவும் முன், டெர்மினலில் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளையைப் போட்டு, அடாப்டர் பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பிரச்சினை துளையிலோ அடாப்டரிலோ இருக்கிறது, டிரைவரில் இல்லை. தெரிந்தால் எக்ஸோனின் இப்போது பராமரிக்கப்படும் கிளையை எடுத்து, அதன் குறிப்பை முழுசாகப் படித்து நிறுவுங்கள். டிரைவர், ஃபர்ம்வேர் இரண்டும் தனித்தனிப் படிகள். இரண்டாவதை விட்டுவிட்டால் விளக்கு மினுக்கிக்கொண்டேதான் இருக்கும். முடிந்ததும் அடாப்டரின் பக்கவாட்டுப் பட்டனையும் கன்ட்ரோலரின் இணைப்புப் பட்டனையும் அமுக்கி ஜோடி சேர்க்க வேண்டும். பேஸைட் மாதிரி கேமுக்கென்றே வரும் லினக்ஸ் பதிப்புகளில் எக்ஸோன் முன்கூட்டியே சேர்ந்து வருகிறது.

செக்யூர் பூட்டை அணைக்க வேண்டாம். உபுண்டு போன்றவற்றில் இப்படி ஒரு டிரைவரை நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரையில் அதே பாஸ்வேர்டைக் கொடுத்துச் சாவியைப் பதிந்துகொள்ளலாம். பயந்து அந்தத் திரையைத் தாண்டிப் போய்விடுவதுதான் பலர் செய்யும் தப்பு.

'சூடோ' என்று தொடங்கும் கட்டளையை அர்த்தம் தெரியாமல் காப்பி பேஸ்ட் செய்யாதீர்கள். வீட்டுச் சாவியை முகம் தெரியாதவர் கையில் கொடுப்பதும் அதுவும் ஒன்றுதான்.

தர்மபுரியில் இருந்து என்ன செய்ய முடியும்?

ரெட்மண்டில் எடுக்க வேண்டிய முடிவை தர்மபுரியில் எடுக்க முடியாது. ஆனால் கை கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டியதில்லை.

லேப்டாப் வாங்கும்போது லினக்ஸும் வேண்டும் என்று நிபந்தனை போட்ட அனுபவம் தமிழ்நாடு அரசுக்கு உண்டு. அடுத்த கட்டம், அந்த லேப்டாப்போடு சேர்ந்து பள்ளி, கல்லூரிகளுக்கு வாங்கும் ஒவ்வொரு துணைக்கருவிக்கும் "லினக்ஸில் கூடுதல் டிரைவர் இல்லாமல் ஓட வேண்டும்" என்ற ஒரு வரியை டெண்டரில் சேர்ப்பது. லட்சக்கணக்கில் வாங்குபவர் கேட்டால் நிறுவனங்கள் காது கொடுக்கும்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. உதிரி பாகம், கையேடு, சர்வீஸ் விவரம் ஆகியவற்றை நிறுவனங்கள் வெளிப்படையாக வைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒரு பொருள் ஓடத் தேவையான ஃபர்ம்வேரும் உதிரி பாகம்தானே? அந்தப் பட்டியலில் அதற்கும் இடம் வேண்டும். குறைந்தபட்சம், எந்த இயங்குதளத்தில் ஓடும், எதில் ஓடாது என்று பெட்டியிலும் ஆன்லைன் கடைகளிலும் தெளிவாக எழுத வேண்டும்.

ஊர் அளவில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் மாணவர்களுக்குக் கைபிடித்துச் சொல்லித்தருகின்றன. 'கணியம்' தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் கட்டுரைகளை வெளியிடுகிறது. செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி மாதிரி ஓரிடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் உட்கார்ந்தால் போதும். ஒரு பிடிவாதமான அடாப்டரை ஓட வைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் கெர்னல், டிரைவர், ஃபர்ம்வேர், உரிமம் என்று ஒரு செமஸ்டர் பாடமே கைக்கு வந்துவிடும். பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் அது நிச்சயம் வீண் போகாது.

அந்த வீட்டுக்கே திரும்புவோம். ஞாயிறு சாயங்காலம் அண்ணன் பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்புவதற்குள், தம்பி எக்ஸோனை நிறுவி, ஃபர்ம்வேரை ஏற்றி, நீலத் திரையைத் தாண்டி, பட்டனை அமுக்கியிருக்கலாம். மினுக்கிய விளக்கு நிலையாக நின்றிருக்கலாம். அது தம்பியின் கெட்டிக்காரத்தனம், முகம் தெரியாத தன்னார்வலர்களின் உழைப்பு. ஒரு வரி அனுமதி இருந்திருந்தால், காலையில் செருகிய அந்த நிமிஷமே அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடியிருப்பார்கள். வாரத்தில் அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான்.